மளிகைக்கடைக்காரர் மகள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் வாசிப்பு வட்டத்தின் சார்பாக நிகழ்த்திய உரை)



கூட்டம் என்றாலே சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், பதிவேடு என்று பேசிப் பழகிவிட்டோம். அதற்கு நடுவிலே ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கினீர்கள். அதற்கு நன்றி. இந்த மாதம் நாங்கள் எடுத்துக்கொண்டவர் ஆனி எர்னோ. பிரான்சு நாட்டு நாவலாசிரியர்.

"பிரான்சு எங்கே இருக்கு, நாம எங்கே இருக்கோம்? நாவலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் கேட்டோம். பாண்டிச்சேரியை ஒரு காலத்தில் ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதற்கு மேல் எங்களில் பலருக்கு அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த அம்மாவின் கதையைப் பேசப் பேச, எங்களில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கதை இதுதான். அதிகம் படிக்காத அப்பா அம்மா கஷ்டப்பட்டு ஒரே மகளைப் படிக்க வைத்தார்கள். படித்த மகளுக்கு அப்பா அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது. பிற்காலத்தில், அப்படி வெட்கப்பட்டதை நினைத்து வெட்கப்பட்டார். அதை மறைக்காமல் எழுதினார். அந்த எழுத்துக்குத்தான் 2022ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மகளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் எத்தனை பேர்? நீங்கள்தான் இதை முக்கியமாகக் கேட்க வேண்டும்.

ஒரு பக்கம் மளிகை, ஒரு பக்கம் காப்பிக்கடை

பிரான்சு நாட்டின் வடமேற்கில் கடலோரமாக நார்மண்டி என்று ஒரு பகுதி. ஆப்பிள் தோட்டமும் மாட்டுப் பண்ணையும் நிறைந்த ஊர்கள். அங்கே லில்போன் என்ற சிற்றூரில் 1940 செப்டம்பர் 1ஆம் தேதி ஆனி பிறந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம்.

அவருடைய தாத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பண்ணையில் வண்டி ஓட்டிய கூலியாள். எழுதப் படிக்கத் தெரியாதவர். அப்பா பள்ளிக்கூடம் போனார். ஆனால் ஆப்பிள் பறிக்கிற காலம் வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது, வைக்கோல் கட்டுகிற காலம் வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. பன்னிரண்டு வயதில் படிப்பை நிறுத்திப் பண்ணை வேலைக்கு விட்டுவிட்டார்கள். பிறகு தொழிற்சாலைக்குப் போனார். அம்மாவும் பன்னிரண்டு பதிமூன்று வயதிலேயே படிப்பை விட்டவர். செயற்கை வெண்ணெய் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார், பிறகு கயிறுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு இப்படிக் கூலிக்கே போறது? சொந்தமா ஒரு கடை போடுவோம்" என்று யோசனை சொன்னது அம்மாதான். கடனை உடனை வாங்கி ஒரு கடை பிடித்தார்கள். ஒரு பக்கம் மளிகை. மறுபக்கம் காப்பியும் ஒயினும் குடிக்க வருகிறவர்களுக்கு மேசை நாற்காலி. பிரான்சு கிராமங்களில் இப்படி இரண்டும் சேர்ந்த கடைகள் அந்தக் காலத்தில் நிறைய உண்டு.

கடை வைத்தவர்களின் பாடு நம்மில் பலருக்குத் தெரியும். வாங்க வந்தவர்களும் ஆலைத் தொழிலாளிகள், ஏழைகள். "எழுதி வெச்சுக்கோங்க, சம்பளம் வந்ததும் தர்றோம்" என்பார்கள். இல்லை என்று சொல்ல முடியுமா? கடன் நோட்டு நிறைந்தது, கல்லா நிறையவில்லை. கடையை மூடிவிடக் கூடாதே என்று அப்பா மறுபடியும் வெளி வேலைக்குப் போனார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில்கூட வேலை பார்த்தார். கடையை அம்மா நடத்தினார்.

1945இல் பக்கத்திலுள்ள இவ்தோ என்ற ஊருக்குப் போய் அங்கேயும் அதே மாதிரி ஒரு கடை எடுத்தார்கள். ஆனி வளர்ந்தது அந்தக் கடையில்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நாங்கள் அடிக்கோடு போட்டுச் சொல்கிறோம். அந்த வீட்டில் கணக்கு வழக்கு, கொள்முதல், வெளி ஆட்களோடு பேச்சு எல்லாம் அம்மா. காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அப்பா. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பெண் என்றால் இப்படித்தான் தைரியமாக இருப்பாள் என்று நினைத்தே அந்தக் குழந்தை வளர்ந்தது.

அம்மாவுக்குப் படிப்பு மேல் அப்படி ஒரு மரியாதை. புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவிக்கொள்வாராம்.

சொல்லப்படாத இரண்டு விஷயங்கள்

அந்த வீட்டில் இரண்டு விஷயங்களை யாரும் பேச மாட்டார்கள்.

முதலாவது, ஆனிக்கு முன்னால் பிறந்த ஒரு பெண் குழந்தை. 1938இல் ஆறு வயதில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனது. அந்த நோய்க்கான தடுப்பூசி பிரான்சில் கட்டாயமாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். சில மாதம் முந்தியிருந்தால் பிழைத்திருக்கலாம். இந்தச் சங்கதி ஆனிக்குத் தெரியவே தெரியாது. பத்து வயதில் ஒருநாள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு வாடிக்கைக்காரப் பெண்ணிடம் மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது. போன குழந்தை இருக்கிறவளைவிட நல்ல குழந்தை என்கிற மாதிரி ஒரு பேச்சு. அம்மா வேண்டுமென்று சொன்னதில்லை, துக்கத்தில் சொன்னது. ஆனாலும் அந்தச் சொல் பிள்ளை மனதில் தங்கிவிட்டது. கடைசி வரை பெற்றவர்களும் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2011இல், முகம் பார்க்காத அந்த அக்காளுக்கு ஒரு கடிதம் மாதிரி எழுதி அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'இன்னொரு மகள்' என்பது அதன் பெயர்.

இரண்டாவது விஷயம் இன்னும் கசப்பானது. 1952 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாய்ச்சண்டை முற்றியது. அமைதியானவர் என்று பேரெடுத்த அப்பா, அம்மாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அரிவாளைக் கையில் எடுத்துவிட்டார். பன்னிரண்டு வயதுகூட முடியாத பிள்ளை அலறியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

ஆனால் பிள்ளைக்கு? பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், "இவங்க வீட்ல இப்படி நடக்காது. நாம வேற, அவங்க வேற" என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்தச் சம்பவத்தை 1997இல்தான் 'வெட்கம்' என்ற புத்தகத்தில் எழுதினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பத்தைந்து வருஷம். பெரியவர்கள் அரைமணி நேரத்தில் மறந்துபோகிற சண்டையைப் பிள்ளைகள் எத்தனை வருஷம் தூக்கிச் சுமக்கிறார்கள்!

பள்ளிக்கூடமும் வீடும்

மகளைக் கட்டணம் கட்டிக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார். மழையானாலும் வெயிலானாலும் சைக்கிள்தான்.

பள்ளிக்கூடத்தில் வேறு உலகம். ஆனி கடை வீட்டின் பேச்சு பேசுவார். டீச்சர் திருத்துவார். வீட்டுக்கு வந்து அதே திருத்தத்தை அப்பாவிடம் செய்வார். "அப்படிச் சொல்லக் கூடாதுப்பா, அந்த மாதிரி ஒரு சொல்லே இல்லை." அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பேச்சைத் திருத்தினால், பேசுகிறவரையே தப்பு என்று சொல்கிற மாதிரிதானே? மகள் முதல் மார்க் வாங்க வாங்க, சாப்பாட்டு மேசையில் பேச்சு குறைந்தது.

அப்பாவின் கூச்சத்துக்கு இரண்டு உதாரணம் சொல்கிறோம். இரண்டும் அவர் புத்தகத்தில் உள்ளவை.

ஒருமுறை பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. கையெழுத்துக்கு மேலே, "படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொருளில் எழுத வேண்டும். பிரெஞ்சில் அதே மாதிரி ஒலிக்கிற இன்னொரு சொல் இருக்கிறது. அவசரத்தில் அப்பா அதை எழுதிவிட்டார். பொருளே மாறிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மனது அந்த ஒரு எழுத்துப் பிழையிலேயே கிடந்தது. பேங்கில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேனாவைப் பிடித்து முதல் கையெழுத்துப் போட்ட நாளை நம்மில் யார் மறந்திருக்கிறோம்?

இன்னொரு நாள், மகளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவும் மகளும் முதல்முறையாக ஊர் நூலகத்துக்குப் போனார்கள். உள்ளே அமைதி. மேசைக்குப் பின்னால் இருந்தவர், "எந்தப் புத்தகம் வேண்டும்?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் பதில் இல்லை. புத்தகத்தின் பெயரை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? கடைசியில் அங்கிருந்தவர்களே ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த நூலகத்தில் வாயடைத்து நின்ற பெண்தான் பிற்காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதியவர்.

அப்பாவின் சாவு

ஆனி பக்கத்து நகரமான ருவானில் பல்கலைக்கழகம் போய் இலக்கியம் படித்தார். 1964இல் வசதியான, படித்த குடும்பத்துப் பையனைத் திருமணம் செய்துகொண்டார். 1967 ஏப்ரலில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வில் தேறினார். அந்தக் குடும்பத்தின் பெரிய கனவு நிறைவேறியது. சரியாக இரண்டு மாதத்தில் அப்பா இறந்துபோனார். அப்போது அவருக்கு 67 வயது.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் எப்படி எழுதுவது? முதலில் ஒரு நாவலாக எழுத ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே அருவருப்பாக இருந்தது, விட்டுவிட்டார். அப்பா வாழ்ந்த வாழ்க்கையை வர்ணனை செய்து அலங்கரித்தால் அது பொய். பட்டிக்காட்டு ஆள் என்று வேடிக்கை காட்டினால் அது துரோகம். ஐயோ பாவம் என்று இரக்கப்பட்டு எழுதினால் அதுவும் ஒரு மாதிரி அவமானம்தான்.

அப்போது அவருக்கு ஒரு வழி கிடைத்தது. படிக்கப் போன காலத்தில் வீட்டுக்குக் கடிதம் எழுதுவாரே, அந்த மாதிரி எழுதலாமே! நாம் ஊருக்கு எழுதுகிற கடிதத்தில் வர்ணனை இருக்குமா? நலம், நலமறிய ஆவல், இன்னது நடந்தது, இவ்வளவு செலவாச்சு. அவ்வளவுதான். அப்பா என்ன வேலை செய்தார், என்ன சாப்பிட்டார், என்ன சொல் பேசினார், எதற்குப் பயந்தார், எதற்குச் சந்தோஷப்பட்டார் என்று மட்டும் எழுதினார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அதுதான் 'இடம்' என்ற புத்தகம். சின்னப் புத்தகம்தான். 1984இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசுகளில் ஒன்றான ரெனோதோ பரிசு அதற்குக் கிடைத்தது. பண்ணையாளும் ஆலைத் தொழிலாளியும் சில்லறைக் கடைக்காரருமாக இருந்த ஒரு சாதாரண மனிதரின் வாழ்க்கை நாடெங்கும் பள்ளிக்கூடங்களில் படிக்கிற புத்தகமாக ஆனது.

அந்தப் புத்தகத்தின் முடிவு எங்களை உலுக்கிவிட்டது. ஆனி டீச்சராக இருக்கிறார். ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண் அவரை அடையாளம் கண்டு பேசுகிறாள். அவரிடம் படித்த பழைய மாணவி. படிப்பு சரிவராமல் இந்த வேலைக்கு வந்தவள். டீச்சருக்கு அவளைச் சரியாக நினைவில்லை. தான் ஏறி வந்த படியில் எத்தனையோ பேர் பாதியில் நின்றுவிட்டார்கள் என்பதை மறைக்காமல் எழுதி, அத்தோடு புத்தகத்தை முடித்துவிட்டார்.

குக்கர் விசில்

இனி அவருடைய சொந்தக் குடும்பத்தைப் பார்ப்போம். கணவரும் படித்தவர், இவரும் படித்தவர். ஆணும் பெண்ணும் சமம் என்று பேசிப் பழகிக் கல்யாணம் செய்தவர்கள். இரண்டு பேரும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுப்பில் கல்யாணச் சீராக வந்த பிரஷர் குக்கர். அது சத்தம் போடுகிறது. யார் எழுந்து போவது? யார் அடுப்பை நிறுத்துவது? யார் ஆவி அடங்கும்வரை நின்றுவிட்டு, திரும்பி வந்து, எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று தேடுவது?

பதிலை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

1981இல் வந்த 'உறைந்துபோன பெண்' என்ற நாவலில் இதை எழுதினார். கணவர் கெட்டவர் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அடி இல்லை, உதை இல்லை. சமையல், பிள்ளை, துணி, கடைகண்ணி என்று ஒவ்வொன்றாக எப்படி ஒருத்தி தலையில் வந்து இறங்குகிறது என்பதை மட்டும் வரிசையாகச் சொன்னார். காய் நறுக்கிய அப்பாவைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, படித்த வீட்டில் இப்படி. படிப்பு வந்துவிட்டால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோமே, அதை இந்தப் புத்தகம் கேள்வி கேட்கிறது.

அவர் எப்போது எழுதினார் தெரியுமா? இரண்டு ஆண் குழந்தைகள், ஆசிரியர் வேலை, வீட்டு வேலை. இதற்கு நடுவே, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு, ரகசியமாக எழுதியதுதான் 'காலி அலமாரிகள்' என்ற முதல் நாவல். 1974இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு 33 வயது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் எழுதி அனுப்பிய முதல் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகம் ஏற்கவில்லை. ஒருமுறை இல்லை என்றதும் ஓய்ந்து போகவில்லை. 1980களில் திருமணம் முறிந்தது. வேலையை விடவில்லை. அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தில் ஆசிரியராக 2000வரை பணிபுரிந்தார். எழுத்தை நம்பி மட்டும் வயிறு வளர்க்க வேண்டியதில்லை என்பதால், யாருக்கும் பிடித்த மாதிரி எழுத வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இரவு

அடுத்தது சொல்லத் தயங்கின விஷயம். இதைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. சொல்வது என்றுதான் முடிவு செய்தோம்.

1963இல், கல்யாணத்துக்கு முன்னால், மாணவியாக இருந்தபோது ஆனி கர்ப்பமானார். அந்தக் காலத்தில் பிரான்சில் கருக்கலைப்பு சட்டப்படி குற்றம். செய்துகொண்டவருக்கும் செய்தவருக்கும் சிறை. டாக்டர்கள் கைவிரித்தார்கள். கடைசியில் பாரிசில் திருட்டுத்தனமாகச் செய்கிற ஒரு பெண்ணிடம் போனார். ரத்தப்போக்கு நிற்காமல் சாகிற நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே இளம் டாக்டர் ஒருவர் அவரை மரியாதை இல்லாமல் கத்தினார். மறுநாள்தான் தெரிந்தது, இவர் பல்கலைக்கழக மாணவி என்று. "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்கிற மாதிரி அங்கே பேச்சு வந்தது. அதாவது, ஆலையில் வேலை செய்கிற பெண் என்று நினைத்துத்தான் அப்படிக் கத்தினாராம். படித்தவள் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடத்தியிருப்பாராம்! ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களுக்கு இது புரியும்.

பிரான்சில் 1975இல்தான் சட்டம் மாறியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த சிமோன் வெய் என்ற பெண்மணி, ஆண்கள் நிறைந்த நாடாளுமன்றத்தில் வசவுகளைத் தாங்கிக்கொண்டு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 2024 மார்ச்சில் அந்த உரிமையை அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். தன் அனுபவத்தை ஆனி 2000ஆம் ஆண்டு 'நிகழ்வு' என்ற பெயரில் எழுதினார். சட்டம்தான் மாறிவிட்டதே, இப்போது எதற்கு என்று சிலர் முகம் சுளித்தார்கள். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என்பது அவர் கட்சி. அந்தப் புத்தகத்தை வைத்து ஆத்ரே திவான் என்ற பெண் இயக்குநர் எடுத்த படம் 2021இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் விருதை வாங்கியது.

அம்மாவும், பிறகு எல்லாரும்

அப்பா போன பிறகு, 1970இல் அம்மா மகள் வீட்டுக்கு வந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் படித்தவர்கள் வீட்டில் எங்கே உட்காருவது, என்ன பேசுவது என்று அவருக்கு ஒட்டவில்லை. பெற்ற மகள் வீட்டிலேயே வேலைக்கு வந்தவர் மாதிரி ஒதுங்கி நின்றார். கடைசிக் காலத்தில் அல்சைமர் என்னும் ஞாபக மறதி நோய் வந்தது. 1986 ஏப்ரல் 7ஆம் தேதி பாரிசுக்கு அருகே பொந்துவாஸ் ஆஸ்பத்திரியில் இறந்தார். இரண்டு வாரத்துக்குள் மகள் பேனாவை எடுத்துவிட்டார். பத்து மாதத்தில் எழுதி முடித்த புத்தகம் 'ஒரு பெண்'. பெயரைக் கவனியுங்கள். 'என் அம்மா' என்று வைக்கவில்லை. ஆலையில் உழைத்து, கடை நடத்தி, தலைநிமிர்ந்து நின்ற ஒரு பெண். எல்லாருக்கும் பொதுவான ஒரு பெண்.

2008இல் வந்த 'ஆண்டுகள்' என்ற புத்தகம்தான் அவருடைய பெரிய படைப்பு என்கிறார்கள். போர்க்காலம் தொடங்கிச் சுமார் அறுபது வருஷத்து பிரான்சு வாழ்க்கை அதில் இருக்கிறது. பண்டிகை நாளில் குடும்பம் கூடிச் சாப்பிடும்போது என்ன பேசினார்கள், கடைக்கு என்ன புதுச் சாமான் வந்தது, என்ன பாட்டுக் கேட்டார்கள், எதற்குப் பயந்தார்கள், யாருக்கு ஓட்டுப் போட்டார்கள், எல்லாம் உண்டு. தன் கதைதான். ஆனாலும் அதில் 'நான்' என்ற சொல்லால் தன்னைச் சொல்லவில்லை. 'அவள்' என்றும் 'நாங்கள்' என்றும் எழுதினார். நம் தீர்மான நோட்டில் நாமும் 'நான்' என்று எழுதுவதில்லையே!

எழுபது வயதுக்கு மேல் இன்னொரு வேலை செய்தார். 2012 நவம்பரிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம், தான் குடியிருந்த செர்ஜி என்ற புதுநகரின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்ததை நோட்டில் குறித்து, அதையும் புத்தகமாக்கினார். பில் போடும் பெண்கள், மாதக் கடைசியில் சாமானைக் கணக்குப் பார்த்து எடுப்பவர்கள், வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். அந்த நேரத்தில்தான், 2013 ஏப்ரலில், வங்காள தேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளிகள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மலிவுத் துணி எங்கிருந்து வருகிறது, யார் உயிரில் வருகிறது என்பதையும் அதே நோட்டில் எழுதி வைத்தார். கடையில் வளர்ந்த பெண்ணுக்குக் கடையைப் பார்க்கத் தெரியாதா?

மேடையில் சொன்னது

2022 அக்டோபர் 6ஆம் தேதி நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. அப்போது அவருக்கு 82 வயது. 1901இல் தொடங்கிய இலக்கிய நோபலில் அவர் பதினேழாவது பெண்மணி. பிரான்சு நாட்டுப் பெண்களில் முதல்வர்.

டிசம்பர் 7ஆம் தேதி சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஏற்புரை. அங்கே அவர் தன் பழைய டைரியைப் பற்றிப் பேசினார். 22 வயதில், தன் ஆட்கள் பட்ட அவமானத்துக்கு எழுதிப் பழிதீர்ப்பேன் என்று அதில் எழுதி வைத்திருந்தாராம். நிலம் இல்லாத கூலிகள், ஆலைத் தொழிலாளிகள், சின்னக் கடைக்காரர்கள் என்று வந்த பரம்பரையில், தான் ஒருத்தி எழுத்தாளர் ஆகிவிட்டால் அத்தனை பேருக்கும் நடந்த அநியாயம் சரியாகிவிடும் என்று அப்போது வெகுளியாக நம்பியதாகவும் சொன்னார். ஒருத்தி மேலே வந்தால் போதாது என்று பிற்பாடு புரிந்ததாம். அதனால்தான் தன் கதையை எல்லாரும் தங்கள் கதையாகப் படிக்கும்படி எழுதினார்.

சகோதரிகளே, கடைசியாக ஒன்று. அப்பாவுக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை. பதினாறு வருஷம் முன்னாலேயே போய்விட்டார். மகளோடு பேச்சு குறைந்துபோன வருத்தத்தோடுதான் போனார். எத்தனை பரிசு வந்தாலும் அந்த ஒரு கணக்கு நேராகவில்லை. அதை அந்த அம்மாவும் மறைக்கவில்லை.

நம் கணக்கை நேராக்க நமக்கு நேரம் இருக்கிறது. மகள் லீவுக்கு வரும்போது, "உனக்கு என்ன தெரியும்" என்று அவளும் சொல்ல வேண்டாம், "படிச்ச திமிரு" என்று நாமும் சொல்ல வேண்டாம். நாம் எத்தனை வயதில் வேலைக்குப் போனோம், முதல் கூலி எவ்வளவு, எதற்கு அழுதோம், எதற்குக் கடன் வாங்கினோம் என்று உட்கார்ந்து சொல்லுவோம். அவளை எழுதச் சொல்லுவோம். பிழை திருத்தாமல், நாம் சொல்கிற பேச்சிலேயே எழுதட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பக்கமாவது கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.